மின்சாரம் பிறந்த மாவட்டம்

மேட்டூரில் 840 மெகாவாட் அனல்மின் நிலையம், அருகிலேயே அணையின் புனல்மின் நிலையங்கள். இத்தனையும் சேலம் மாவட்டத்துக்குள்தான். ஆனாலும் 2012-ல் சேலம் நகரின் அஸ்தம்பட்டி வீடுகளில் மெழுகுவத்தி எரிந்தது. உற்பத்தியான கரண்ட் நேராகக் கிரிட்டுக்குப் போய்விடும். பிறந்த ஊர்ப் பாசமெல்லாம் அதற்குக் கிடையாது. பாசம் காட்டியது மின்வெட்டுதான்: சென்னைக்கு இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்குப் பதினான்கு மணி நேரம் வரை.

அந்த நாளில் வாழ்ந்தவர் இன்வர்ட்டர் கடைக்காரர்.

கரண்ட் வந்த மறுநிமிஷம் தெருவிலுள்ள அத்தனை பேட்டரிகளும் ஒன்றாகச் சார்ஜ் ஏறும். கூடவே மோட்டார், கிரைண்டர். டிரான்ஸ்ஃபார்மர் திணறும். பேட்டரியோ வாங்கியதைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும். பற்றாக்குறைக்கு மருந்து, அதே பற்றாக்குறையைக் கொஞ்சம் வளர்த்தது.

சிக்கனம் பிறகு வந்தது, ரசீது வழியாக. 2022 செப்டம்பர் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் ரூ.1,725, 501 என்றால் ரூ.1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கப்புறம் ரீடிங் தேதி நெருங்கினால் ஏசி ஓய்வெடுக்கிறது, அப்பா மீட்டர் பெட்டியருகே நிற்கிறார்.

இன்னும் விவரமானவர்கள் மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கிவிட்டார்கள். இலவச 100 யூனிட் இரண்டு முறை. சமையல் மட்டும் ஒரே அடுப்பில்.