புது ரோடு பைக்காரர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூர்ப் பக்கம் போனால் இவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். பழைய ஆட்கள் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரோடு பைக்குக்கு ஸ்டாண்ட் கிடையாது. சுவரில் சாய்க்கலாம்தான், ஆனால் பெயிண்ட் உரசிவிடுமே!

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கௌரவமான வேலை, போன மாதம் வந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்கு ஒரு ரோடு பைக் வந்துவிடுகிறது. வந்த அன்றே அம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்.

"கேரியர் எங்கடா?"

"கிடையாதும்மா."

"மட்கார்டு? பெல்லாவது குடுத்தானா?"

"பெல் தனியா வாங்கணும்."

"இதெல்லாம் இல்லாததுக்கா இவ்வளவு விலை?"

இத்தனைக்கும் அம்மாவிடம் சொன்னது பாதி விலைதான்.

அம்மா கணக்கு சரி. பால்காரர் ஓட்டும் பழைய கறுப்பு சைக்கிள் சுமார் 20 கிலோ. இவருடைய அலுமினிய வண்டி 10 கிலோ. இன்னும் குறைக்க வேண்டுமானால் கார்பன், அதற்குத் தனிக் காசு. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணை இவர் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்வார், சொல்லிவிட்டு இன்னொரு ஜாங்கிரி கேட்பார்.

ஆனால் முதல் கிலோமீட்டரில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். குரங்குப் பெடலில் தொடங்கி, கல்லூரியோடு சைக்கிளை மறந்த மனிதர். பெடலில் லேசாகக் கால் வைத்ததும் வண்டி முன்னால் பாய்கிறது. 28 மில்லிமீட்டர் அகல டயரில் 80, 90 பி.எஸ்.ஐ. காற்று, மிதித்த மிதி வீணாகாமல் சாலைக்குப் போய்ச் சேருகிறது. சாலையும் வீணாகாமல் இவருக்கு வந்து சேருகிறது. வேகத்தடையில் அடித்த வெள்ளைக்கோட்டின் கனத்தைக்கூட உட்காருமிடம் துல்லியமாகச் சொல்லிவிடும்.

மார்கழியில் வண்டி வாங்கியவருக்கு இன்னொரு மயக்கம் காத்திருக்கிறது. முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் நோக்கித் தெற்கே போகும்போது வேகம் 32, 33 என்று காட்டுகிறது. நம் காலில் இவ்வளவு பலமா! போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாகிவிட்டது. முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது வாடைக்காற்று என்பது, வண்டியை வடக்கே திருப்பும்போதுதான் தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். உடம்பைத் தாழ்த்தி அந்தத் தடையைக் குறைக்கத்தான் ஹேண்டில்பாரை ஆட்டுக்கடா கொம்புபோல் கீழே வளைத்திருக்கிறார்கள். இவரும் குனிந்து பார்க்கிறார். தொப்பை முட்டியில் இடிக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, முழுக் காற்றையும் மார்பில் வாங்கிக்கொண்டு, 18-இல் வீடு திரும்புகிறார்.

வழியில் பஞ்சரானால் கதை வேறு. கடைக்காரர் ட்யூபை ஒட்டிக் கொடுத்துவிடுவார், காற்றடிக்க முடியாது. "இந்த வால்வுக்கு நம்ம பம்பு புடிக்காது சார்." விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் போதும். அது வீட்டில் இருக்கிறது.

ஆறாத வடு இவருக்கு ஒன்றுதான்: ஷூவைப் பெடலில் பூட்டிக்கொள்வது. பனிச்சறுக்குக் காலணிக்குப் பூட்டு செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984-இல் சைக்கிளுக்கும் அப்படி ஒரு பெடலைக் கொண்டுவந்தது. மறு வருடமே பெர்னார் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸை வென்றார். கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்கிறார். அதே பந்தயத்தில் இனோ விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டதைச் சொல்வதில்லை. (அது பெடலின் குற்றமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கழற்றுவது சுலபம், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும். நீலாங்கரை சிக்னலில் சிவப்பு விழுந்து, வண்டி நின்று, மெல்லச் சாய ஆரம்பித்த பிறகுதான் குதிகால் என்று ஒன்று இருப்பது இவருக்கு ஞாபகம் வருகிறது.

"சார், கால ஊனு சார்!" என்று கத்துகிறார் பக்கத்து ஆட்டோக்காரர். அதை முடியாமல் செய்யத்தான் இவர் எட்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பாய்ந்து வந்த வேகத்தில் ஒரு கீறலும் படாதவர், வேகம் பூஜ்யமாக இருக்கும்போது, ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, நிறுத்தக் கோட்டில் படுத்துவிடுகிறார்.

ஆகவே ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிக்னலில் இவரைப் பார்த்தால், இவருக்கு வலப்பக்கம் ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் விட்டு நிறுத்துங்கள். இடது காலைக் கழற்றிக்கொண்டு வலப்பக்கம் சாய்வதுதான் இவர் வழக்கம்.