ஆறேகால் ராஜகோபுரம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு பெட்டி வந்து நின்றது. பின்னாலேயே மாமா வந்தார்.

"நாளைக்குத் திங்கட்கிழமை, கிழக்கே சூலம். சிங்கப்பூர் கிழக்கேதானே இருக்கு? அதான் பரஸ்தானம். இன்னிக்கு ராத்திரி பெட்டி உங்காத்துலயே இருக்கட்டும், அம்பி."

வடக்குச் சித்திரை வீதியில் அவர் அகத்திலிருந்து கிழக்கே நாலாவது வீடு எங்களுடையது. ஆக, மாமாவின் சிங்கப்பூர் - மலேசியா யாத்திரை, ஐந்து இரவு ஆறு பகல், எங்கள் கூடத்தில் ஆரம்பமாயிற்று. அதே குரூப்பில் நானும் போவதால், பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் உரிமை எனக்கு இருந்தது. தூக்க முடியவில்லை.

"உள்ளே என்ன மாமா?"

"வேஷ்டி ரெண்டு. பாக்கி தளிகை."

புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, மாகாளிக்கிழங்கு, தட்டை, அரிசி, குட்டியாக ஒரு எலெக்ட்ரிக் குக்கர், பித்தளை ஃபில்டர். "சூலத்துக்குப் பரிகாரம் தயிர்" என்று சொல்லி, மறுநாள் ஒரு ஸ்பூன் தயிரை வாயில் விட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தப் பரிகாரத்தை ஆறு நாளும் விடாமல் செய்தார் என்பதுதான் இந்தக் கதை.

ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு இரண்டு பேராவது இப்படி உண்டு. 'பெல்' (BHEL) தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம், அப்புறம் ஓய்வு, பிள்ளை அமெரிக்காவில். காசி, கயா, பத்ரி முடிந்த கையோடு பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் போவார்கள். இவர்கள் சரிபார்த்துவிட்டு வரப் போவார்கள். எங்கள் மாமா பெல்லில் இருந்தது குவாலிட்டி கண்ட்ரோலில். பாய்லர் வெல்டிங்கில் மயிரிழை விரிசலைப் பிடித்த கண் அது. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

சரிபார்க்க அளவுகோல் வேண்டுமே? அது அவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறது. ராஜகோபுரம்: 13 நிலை, 236 அடி. மீட்டர், ஃபர்லாங் எல்லாம் ஊருக்கு, மாமாவுக்கு 'ரா.கோ.' ஒன்றே அலகு.

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் முதல் சோதனை. 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்தது. கோயில் வண்ணங்களையும் சுவர்ச் சித்திரங்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

சிங்கப்பூரில் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் தள்ள வேண்டும். மாமா தள்ளவில்லை. காலை எட்டு மணிக்கு டூர் மேனேஜர் பையன் அறைக்கதவைத் தட்டினான்.

"சார், டிபன் ரெடி."

"மணி அஞ்சரைடா! பெருமாளுக்கு விஸ்வரூபமே ஆகலை, அதுக்குள்ள டிபனா?"

அதற்கு முன்னால் காப்பி ஆக வேண்டும். அறையிலிருந்த கெட்டிலில் வெந்நீர் வந்தது, ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியது, பாலுக்குத்தான் வழியில்லை. ஹோட்டலில் கட்டைவிரல் நுனி அளவுக்கு டப்பாவில் பால் வைத்திருந்தார்கள், அறைக்கு நாலு. மாமா வரவேற்பறைக்கு இறங்கிப் போய் இன்னும் பன்னிரண்டு கேட்டார். "அறையில் எத்தனை பேர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ரெண்டு பேர், ரெண்டு டம்ளர்" என்றார். பதினாறு டப்பாவின் மூடிகளையும் ஒவ்வொன்றாக உரித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் ஆற்றிய காப்பியின் மணம் தாழ்வாரம் முழுக்கப் பரவியது. எங்கள் குரூப்பில் முப்பத்துநாலு பேர். ஒன்பது பேர் வாசனை பிடித்து வந்து வாசலில் நின்றோம். மறுநாள் அந்தப் பெண் மாமாவைக் கண்டதும் பால் டப்பாக் கூடையைக் கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டாள்.

காலை உணவு கட்டணத்தில் அடக்கம். 'அடக்கம்' என்ற சொல்லுக்கு மாமாவின் அகராதியில் 'பைக்குள் அடங்கும் வரை' என்று அர்த்தம். இரண்டு வாழைப்பழத்தை எடுத்து ஜோல்னாப்பையில் போட்டார். நான் பார்த்துவிட்டேன்.

"சாம்பிள்" என்றார் கூசாமல். "தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம்ம திருச்சியில இருக்கு. இவாளோட பழம் எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?" சாயங்காலம் முடிவு வந்தது: "ரஸ்தாளிக்கு உறை போடக் காணாது."

அன்று ராத்திரிதான் அந்த விபத்து. கொண்டுபோன தயிர் தீர்ந்துபோயிற்று. பக்கத்துக் கடையில், கண்ணாடி இல்லாமல், தயிர்ப்படம் போட்ட கப் ஒன்றை மாமா வாங்கி வந்தார். மாமி குக்கர் சாதத்தைக் குழைத்து, கப்பைக் கவிழ்த்து, வீட்டிலிருந்து வறுத்துக் கொண்டுபோயிருந்த கடுகையும் மோர்மிளகாயையும் சேர்த்துப் பிசைந்தாள். சாதம் மெள்ள மெள்ள ரோஸ் நிறம் ஆயிற்று. ஸ்ட்ராபெர்ரி தயிர்.

மாமா ஒரு வாய் வைத்தார். "ரிஜெக்ட்!"

மாமி ஒரு வாய் வைத்தாள். யோசித்தாள். இன்னொரு வாய் வைத்தாள். "நன்னாத்தான் இருக்கு" என்று சொல்லி, பாத்திரத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு முழுக்கச் சாப்பிட்டாள். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அப்படியொரு முகத்தைப் பார்த்ததில்லை என்று மாமா பின்னால் என்னிடம் சொன்னார்.

இனி அளவெடுப்பு. சிங்கப்பூரின் சின்னமான மெர்லயன், சிங்கத் தலையும் மீன் உடம்புமாக வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சிக்கொண்டிருக்கிறது. உயரம் 8.6 மீட்டர். எல்லோரும் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்துவது மாதிரி ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருக்க, மாமா மனக்கணக்குப் போட்டார். "எட்டு சிங்கத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் நம்ம கோபுரத்துக்குப் பத்தடி குறையறது."

செரங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாளைச் சேவித்தபோது கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்ததும் தெளிந்துவிட்டது. "அஞ்சு நிலை. இன்னும் எட்டு பாக்கி."

மலேசியாவில் பத்துமலை. முருகன் சிலை 140 அடி. அதை அளக்கவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் 272 படி என்று பையன் சொன்னதை விடவில்லை. எண்ணிக்கொண்டே ஏறினார். உச்சியில் மூச்சிரைக்க, "இருநூத்தி எழுபத்தொண்ணு" என்றார். அந்த ஒரு படிக்காக மறுபடியும் எண்ணிக்கொண்டே இறங்கினார். கீழே பஸ்ஸில் முப்பத்திரண்டு பேர் காத்திருந்தோம். மாமியையும் காணோம். அவள் எதிர்க்கடையில் நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் மாமா மலைக்கோட்டை ஏறி இருபது வருஷம் இருக்கும். கேட்டால், "உச்சிப்பிள்ளையார் எங்கே போயிடப் போறார்?" என்பார்.

கடைசி நாள் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 88 மாடி, 452 மீட்டர். மாமா கழுத்தை மடக்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. விடை எனக்கே தெரிந்துவிட்டது: ஆறேகால் ராஜகோபுரம்.

"ரெண்டு கோபுரமும் நடுவுல கையைப் பிடிச்சிண்டு நிக்கறது, பார்த்தியோ?" என்றார், இடையில் உள்ள பாலத்தைக் காட்டி. "தனியா நிக்க பயம்."

திரும்பும் விமானத்தில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாமா மட்டும் விழித்திருந்தார். திடீரென்று சொன்னார்: "நான் சின்னப் பையனா இருந்தப்போ அது மொட்டைக் கோபுரம், அம்பி. ராயர் காலத்துல ஆரம்பிச்சு அப்படியே நின்னுபோனது. வெளியூர்லேர்ந்து வர்றவன்லாம் 'ஏன் பாதியில நிக்கறது?'ன்னு எங்களைக் கேப்பான். அஹோபில மடத்து அழகியசிங்கர் கையில எடுத்தார். அந்த வயசுல! ஒவ்வொரு நிலையா ஏற ஏற, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தினம் நின்னு பார்ப்பேன். 87 மார்ச்சுல கும்பாபிஷேகம். ஒரு நிலைக்கு இளையராஜா குடுத்தார், ஒரு செங்கலுக்கு நான் குடுத்தேன்."

சற்று நேரம் கழித்து, "ஆறேகால்னு ஆத்துல சொல்லாதே" என்றார்.

ஊருக்கு வந்த நாலாம் நாள், ராஜகோபுரத்தடியில் மாமாவும் மாமியும் நானும் நின்றிருந்தோம். ஒரு வெள்ளைக்காரக் குழு, கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் வந்து நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்க்க, ஒரு பெரியவர் மட்டும் நிழலில் ஒதுங்கி, பையிலிருந்து சொந்த ஊர் பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். பக்கத்தில் டிகிரி காப்பியை நுரை ததும்ப ஆற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணாந்து ஒரு தரம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஏதோ கணக்குப் போட்டார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "பாரேன்! இவ்வளவு தூரம் வந்துட்டு நம்ம காப்பியை ஒரு வாய் குடிக்காம, அவன் ஊர் பிஸ்கட்டைத் தின்னுண்டு நிக்கறான். இவனெல்லாம் எதுக்குத்தான் ஊர் சுத்தக் கிளம்பறானோ!"

மாமி அந்தப் பெரியவரைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

"போற வழியில புளி வாங்கிக்கோங்கோ" என்றாள். "அடுத்த டூருக்குக் காய்ச்சணும்."