பழவேற்காட்டுக்கு ஒரு கம்பளிச் சட்டை

வீட்டிலேயே பின்னக்கூடிய எளிய கார்டிகனாம். எளிதுதான். குரோஷா ஊசியால் இரண்டு அறுகோணங்கள் பின்னி, ஒவ்வொன்றையும் மடித்துத் தோளிலிருந்து கை நுனிவரை மேல் விளிம்பைத் தைத்தால் பாதி முதுகும் ஒரு பக்க மார்பும் ஒரு கையும் கிடைத்துவிடும். நடுமுதுகில் இரண்டையும் சேர்த்தால் சட்டை தயார். பழவேற்காட்டில் அதைப் போட்டுக்கொள்ள ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். மார்கழி விடியலில் ஏரிக்குள் இறங்குகிறவரே தலைக்கு ஒரு துண்டோடு சரி. 1613-இல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் கப்பலேற்றியது பருத்தித் துணியைத்தான்.

பின்னல் தெரியாத ஊரும் இல்லை இது. வலையின் கிழிசலை, கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்டு, பேசிக்கொண்டே சரிசெய்கிற பெரியவரிடம் குரோஷாவைக் காட்டிப் பாருங்கள்.

"இன்னாம்மா, முடிச்சே காணோம்? நுனிய இழுத்தா மொத்தமும் அவுந்துடுமே!"

உண்மைதான், அவிழ்ந்துவிடும். இறால்கூடச் சிரித்துக்கொண்டே வெளியேறும். ஓலைக்கூடை முடையும் பெண்களோ, "இத வித்தா இன்னா வரும்?" என்று ஒரே கேள்வியில் கணக்கை முடித்துவிடுவார்கள்.

ஆசை விடவில்லையா? பருத்தி நூலில், குட்டைக் கையோடு பின்னுங்கள். கம்பளியை ஊட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.