படிக்கும் கணினியும் பட்டாசு ஊரும்

கேள்வி: இணையத்தைப் படித்தே கணினி அறிவு சேர்த்துக்கொள்கிறதாமே! எங்கள் ஊரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?
– ஒரு வாசகி, ஏழாயிரம்பண்ணை

பதில்: யாராவது எழுதிவைத்திருந்தால் மட்டும் தெரியும்!

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் 'நெல்' என்ற நிரலை இரவு பகலாக இணையத்தைப் படிக்க விட்டது. 'மதுரை, சாத்தூர் போன்ற ஊர்கள்' என்ற மாதிரியான தொடர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால், சாத்தூர் ஓர் ஊர் என்று குறித்துக்கொள்ளும் முறை அது. நெல்லோடு பதரும் விளைந்தது. இணையத்தளங்கள் நம் கணினியில் போட்டுவைக்கும் 'குக்கி'யை, பிஸ்கட்டுக்கும் அதே பெயர் என்பதால், அது தின்பண்டத்தில் சேர்த்தது. மக்கள் 'குக்கியை அழித்தேன்', 'கோப்பை அழித்தேன்' என்று எழுதியதைப் பார்த்து, கோப்பும் அடுப்பில் வெந்ததே என்று முடிவு கட்டியது! மனிதர்கள்தான் திருத்தினார்கள்.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் உங்கள் வட்டாரத்தைப் பற்றி இணையத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் வெடிவிபத்துச் செய்தி. அதையே படிக்கும் கணினிக்கு உங்கள் ஊர் என்றால் தீ மட்டும்தான். தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் விரல்களின் வேகம், வெடிமருந்து அறைக்குள் இரும்புச் சாமான் கூடாதென்ற கண்டிப்பு, கரிசல்காட்டு மழைக் கணக்கு எல்லாம் உங்கள் வாயில்தான் இருக்கின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' ஆய்வுக் குழு இந்திய மொழி எழுத்துகளை இணையத்திலிருந்து திரட்டுகிறது. எழுதாதது அந்த இணையத் திரட்டில் வராது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் திறந்தே இருக்கிறது. அச்சில் ஆதாரம் உள்ளதை அங்கே எழுதுங்கள். இல்லாததை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, எழுத்தாக்கி இணையத்தில் ஏற்றுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள், சகோதரி.