'நீங்க மொதல்ல': விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் வழிவிடுதல் குறித்து ஓர் ஆய்வு

கதவருகே இருவர் ஒரே நேரத்தில் வந்து நின்றுவிட்டால் ஆங்கிலேயர் ஒருவர் 'ஆஃப்டர் யூ' என்பார். மற்றவர் 'நோ நோ, ப்ளீஸ் கோ அஹெட்' என்பார். நம் அலுவலகங்களில் இதற்கு 'சார், யூ கேரி ஆன்' என்று ஓர் உள்ளூர்ப் பாடபேதம் உண்டு. மேலதிகாரி போகும்போது மட்டுமே சொல்லப்படுவதால் இதைப் பண்பாட்டில் சேர்ப்பதா, பணிவிதிகளில் சேர்ப்பதா என்பது தீராத வழக்கு. இத்தொடர்கள் அனைத்தும் அடங்கிய 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்கள் திண்டிவனத்தில் பேருந்துக்குள்ளேயே வந்து விற்கப்படுகின்றன. விற்பவரோ, இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் அவர்களை விலக்கிக்கொண்டு ஏறுகிறார். இவ்வாய்வு அந்தப் படிக்கட்டில் தொடங்குகிறது.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லக்னோவில் இரு நவாபுகள் 'பெஹலே ஆப்', 'பெஹலே ஆப்' என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே ரயிலைத் தவறவிட்ட கதை நாடறிந்தது. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஃபிரெடரிக் ஓப்பர் 1901இல் அல்ஃபோன்ஸ், காஸ்டன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்களைப் படைத்தார். ஒருவருக்கொருவர் வழிவிட்டே இருவரும் எந்தக் காரியத்தையும் உருப்படியாக முடிக்க மாட்டார்கள். அசல் பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை விழுப்புரத்துக்கு மிக அருகே புதுச்சேரியை ஆண்டார்கள். இருந்தும் அந்தப் பழக்கம் மேற்கே பரவியதற்குத் தடயம் இல்லை. எல்லையில் சுங்கச் சோதனை இருந்தது, அங்கே பிடிபட்டிருக்கலாம்.

இனிக் களம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேருந்து நிலையத்துக்குள் வண்டி வளைந்து திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போகும், கட்டைப்பை போகும், சில சமயம் குழந்தையும் போகும். வாசலில் ஏறும் அணியும் இறங்கும் அணியும் மோதிக்கொள்ள, 'எறங்கறவங்கள மொதல்ல எறங்க வுடுங்கப்பா' என்று ஒரு குரல் எழும். அறநூலில் சேர்க்கத்தக்க வாக்கியம்தான். ஆனால் அதைச் சொல்பவர் எப்போதும் இறங்குகிறவராகவே இருக்கிறார். ஏறுகிற நாளில் அவருக்கு இந்த வாக்கியம் மறந்துவிடும். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அக்காவுக்கு இரு அணியும் வழிவிடும். அது மரியாதையா, கூடையின் மீதுள்ள பயமா என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு 'தமிழனுக்கு வழிவிடத் தெரியாது' என்று முடிவு கட்டுவது அவசரக்காரர் வேலை. அவர்கள் வண்டிக்குள் ஏறிப் பார்த்ததில்லை. படியில் முழங்கையால் இடித்து ஏறிய அதே ஆள், வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே, கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து 'இப்டி ஒக்காரும்மா' என்று எழுந்துகொள்கிறார். பிறகு விழுப்புரம் வரை கம்பியைப் பிடித்து நின்றபடியே வருகிறார். ஆக, இடித்தது இருக்கையைப் பிடிப்பதற்கு; பிடித்தது விட்டுக்கொடுப்பதற்கு. கையில் ஒன்றும் இல்லாமல் கதவருகே நின்று 'ஆஃப்டர் யூ' சொல்பவர் எதைக் கொடுத்துவிட்டார்? இதை 'இடப்பற்று முற்கோள் கொள்கை' என்று பெயரிடுகிறேன். இதைவிடக் கடினமான பெயர் தோன்றவில்லை.

நம் முன்னோரும் இதில் தெளிவாகவே இருந்தார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதில் வழிவிட வேண்டிய இடம் எது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியாயிற்று. அது பந்தியைப் பற்றியதல்ல, வலக்கையைப் பற்றியது என்று விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் கல்யாண மண்டபத்தில், சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நிற்கக் கண்டிருக்கிறேன்.

நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் எதிரே வரும் ஓட்டுநர் முகப்பு விளக்கை மின்னவிட்டால் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று பொருள். விக்கிரவாண்டி அருகே அதே மின்னலுக்கு 'நான் வந்துக்கிட்டிருக்கேன், நில்லு' என்று பொருள். லண்டனில் கார் ஓட்டிவிட்டு விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் முதல் நாளிலேயே இதைக் கற்றுக்கொள்வது நல்லது. இரண்டாம் நாள் வரை ஒத்திப்போடும் பாடமல்ல.

பிசகாமல் வழிவிடும் ஒரே சமூகம் ரயில்வண்டிகள்தாம். 1977 ஆகஸ்டு 15 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸ் போன்றவை வந்தால், பாசஞ்சர் வண்டி பேரணியிலோ முண்டியம்பாக்கத்திலோ லூப்பில் ஒதுங்கி, ஊரின் பெயருக்கு மாறாக, முண்டாமல் நிற்கும். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் ஒற்றைத் தடத்தில் ஒழுக்கம் இன்னும் கடுமை. கிராசிங் நிலையத்துக்கு முந்தி வந்த வண்டிதான், பிந்தி வரும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். முந்தியதற்குத் தண்டனை கிடைக்கும் இப்படியோர் ஏற்பாட்டை மனிதர்களிடம் கொண்டுவந்தால் பேருந்து நிலையமே வெறிச்சோடிவிடும். வண்டிகளின் பணிவுக்குக் காரணம் சிவப்பு விளக்கு என்று சிலர் சொல்வார்கள். பணிவு எதனால் வந்தால் என்ன?

நம் வட்டாரத்தின் அசல் மரியாதைத் தொடருக்கு இப்போது வரலாம். அதுவும் ஆங்கிலம் கலந்ததுதான்: 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.' ஆங்கிலேயர் யார் முன்னே, யார் பின்னே என்று வரிசையைத்தான் பேசுகிறார்கள். நாம் வரிசையையே தூக்கி எறிந்துவிட்டு இடத்தைப் பேசுகிறோம். மூவர் இருக்கையில் நான்காமவர் நுனியில் ஒட்டிக்கொள்ள, மூவரும் ஆளுக்கு இரண்டு விரற்கடை நகர்வார்கள். முகம் சுளித்தபடிதான், ஆனாலும் நகர்வார்கள்.

இதற்கு வேர் திருக்கோவிலூரில் இருக்கிறது. மழை இரவு. மிருகண்டு முனிவர் ஆசிரமத்து இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்காருகிறார் பொய்கையார். பேயாழ்வார் வருகிறார். இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். இருக்கைகள் இத்தனை, நிற்போர் இத்தனை என்று பேருந்தில் எழுதிவைக்கும் கணக்குக்கு இதைவிட மூத்த சான்றை நான் அறியேன். 'நீங்கள் படுங்கள், நான் மழையில் நிற்கிறேன்' என்று பொய்கையார் உபசரிக்கத் தொடங்கியிருந்தால், விடியும்வரை மூவரும் வாசலில் நனைந்திருப்பார்கள். அந்த நெருக்கத்தில்தான் நான்காவதாக ஒருவர், கேட்காமலே உள்ளே வந்து நெருக்கினார். மூன்றடியால் உலகை அளந்தவருக்கு அன்று ஓரடி இடம்கூடக் கிடைத்திருக்காது. யாரென்று பார்க்க விளக்கேற்றியதில் மூன்று திருவந்தாதிகள் பிறந்தன.

ஓர் ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போய்விட்டது. எனவே விழுப்புரத்தைப் பற்றிய ஆய்வில் இந்தச் சான்று செல்லாது என்று கள்ளக்குறிச்சி ஆய்வாளர்கள் வாதிடக்கூடும். முதலாழ்வார்கள் காலத்தில் இரண்டு மாவட்டமுமே இல்லை. இரு தரப்பும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் சான்று இருவருக்கும் போதும்.