சத்தம் தனி, கண்ணாடி தனி

நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சினனுக்கு தியாகராய நகரில் ஒரு சொகுசு ஃபிளாட் வாங்கும் ஆசை வந்தது. ஆசை அவனுக்கு, அலைச்சல் எனக்கு. "அத்தான், நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்" என்று வாட்ஸப்பில் விளம்பரத்தை அனுப்பியிருந்தான். எட்டு மாடிக் கட்டடம், எதிரே மரம் அடர்ந்த சாலை, அதில் நாய்க்குட்டியோடு ஓடும் ஒரே ஒரு பெண். உஸ்மான் சாலைப் பக்கம் முப்பது வருஷமாக நடக்கிறேன். அங்கே ஓடுவதற்கு இடம் இருந்து நான் பார்த்தது ஊரடங்கில்தான். அப்போது ஓடியிருந்தால் போலீஸ் பிடித்திருக்கும்.

படத்துக்குக் கீழே, 'உயிர்ப்பான சூழல்! எல்லாமே நடந்து போகும் தூரத்தில்!' என்று போட்டிருந்தது. பொய் சொல்லவில்லை. அங்கே நடந்துதான் போக முடியும்.

நாங்கள் குடியிருப்பது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் சேர்த்து 2023-இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் ஏறினால் சுருக்க அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் 'சைட் விசிட்' என்று கம்பெனிக்காரர்களே கார் அனுப்பிவிட்டார்கள். சொகுசு வீடு பார்க்க நடந்து போய் நின்றால் யார் மதிப்பார்கள் என்று மனைவி பட்டுப்புடவையோடு ஏறிக்கொண்டாள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது. துரைசாமி சப்வேக்குள் நுழைந்த கார், அதற்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டது. எங்களோடு கிளம்பிய எதிர்வீட்டு அம்மா, நடந்தே போய் ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்களைக் காருக்குள் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்.

ஆறாவது மாடி. விற்பனைப் பையன் இஸ்திரி கலையாத சட்டையில் காத்திருந்தான். 2,100 சதுர அடி, சதுர அடி 22,000 ரூபாய். மொத்தம் 4 கோடியே 62 லட்சம். கார் நிறுத்த, பத்திரம் பதிய, எல்லாம் தனி.

"கார்பெட் ஏரியா எவ்வளவுப்பா?"

2016-இல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்ததிலிருந்து இதைச் சொல்லியே ஆகவேண்டும். சத்தமாகச் சொல்லவேண்டும் என்று சட்டத்தில் இல்லை போலும். "ஆயிரத்து நானூத்து எழுபது சார்" என்றான், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"மிச்சம் அறுநூத்தி முப்பது?"

"லாபி, லிஃப்ட், மாடிப்படி, ஜிம்... எல்லாத்துலயும் உங்க பங்கு இருக்கு சார்."

என் வாடகை வீடே அறுநூறு சதுர அடிதான். அதைவிடப் பெரிய வீடு ஒன்று மச்சினனுக்கு மாடிப்படியிலும் லிஃப்டிலும் சிதறிக் கிடக்கப்போகிறது. நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது யூடிஎஸ், 700 சதுர அடி. அது எந்த மூலையில் என்று கேட்கக்கூடாது. கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி, இருக்கும், தொட்டுக் காட்ட முடியாது.

"லேக் வியூ வேணும்னா வேற ப்ராஜெக்ட்ல இருக்கு சார்" என்றான் பையன், என் தெருவின் பெயரைக் கேட்டதும்.

தம்பி, 1920களில் இங்கே இருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரையே உருவாக்கினார்கள் என்று விளக்கினேன். என் தெருப் பெயரில் ஏரி இருக்கிறது, உன் கட்டடத்துக்கு அடியில் ஏரியே இருந்தது என்றேன். அவன் அசரவில்லை. "சூப்பர் சார், அப்போ கிரவுண்ட் வாட்டர் பிரச்சினையே இல்லை!"

அடுத்து பால்கனிக் கதவைத் திறந்தான். தி.நகர் மொத்தமும் உள்ளே வந்தது. "நகைகளைப் பத்திரமாக மூடிக்கொள்ளுங்கள், திருடர்கள் உங்கள் அருகிலேயே இருக்கலாம்" என்று போலீஸ் ஒலிபெருக்கி. அதோடு போட்டி போட்டு "மூணு நூறு, மூணு நூறு" என்று இன்னொன்று. நடுவில் பஸ் ஹாரன், காணாமல் போன குழந்தைக்கான அறிவிப்பு. பையன் கதவைச் சாத்தினான். பரீட்சை ஹால் போல அமைதி.

"டபுள் கிளேஸிங் சார். ஒரு பொட்டுச் சத்தம் வராது. இதுக்கு மட்டும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்."

உயிர்ப்பான சூழல் என்று சதுர அடிக்குக் கூடுதல் காசு. அந்த உயிர் காதில் விழாமலிருக்கக் கண்ணாடிக்குக் கூடுதல் காசு. கூடுவாஞ்சேரியைத் தாண்டிப் போனால் இதே அமைதி ஜன்னலைத் திறந்து வைத்தே கிடைக்குமே என்றேன்.

"ஆனா அது தி.நகர் இல்லையே சார்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானே முப்பது வருஷமாக, ஊர் கேட்கிறவர்களிடம் மேற்கு மாம்பலம் என்று சொல்லாமல், தி.நகர் பக்கம் என்றுதான் சொல்லிவருகிறேன்.

வீடியோவில் மச்சினனைக் கூப்பிட்டோம். அங்கே காலை ஆறு மணி. இத்தாலிய மார்பிள், மாடுலர் கிச்சன், மூன்று குளியலறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். கொட்டாவி விட்டான். அங்கே அவன் வீட்டில் இதெல்லாம் இருக்கிறதே. இதற்குள் மனைவிக்குப் புழுங்கியதோ என்னவோ, பால்கனிக் கதவைத் திறந்தாள். மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அது என்ன மூணு நூறு?"

"தலையணை உறைடா."

"அந்தக் கதவைச் சாத்தாதே, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

பையன் பதறிப்போய், கண்ணாடியின் மகிமையைச் சார் இன்னும் பார்க்கவில்லையே என்று கதவைச் சாத்த வந்தான். மனைவி அவனைக் கையமர்த்தினாள். பத்து நிமிஷம் நியூஜெர்சிக்குத் திருடர் எச்சரிக்கை ஒலிபரப்பானது.

"நாலு ஜோடி வாங்கி வைக்கா. வீட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கீழே கார் காத்திருந்தது. நாங்கள் தலையணை உறைகளோடு ஆகாய நடைபாதையில் ஏறி, காபி நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.