பி.டி. பீரியடைத் தின்றவர்கள்

நம் பள்ளிகளின் மகத்தான சாதனையை யாரும் பாராட்டுவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை தவளைக்கும் முயலுக்கும் இங்கிலீஷில் ஸ்பெல்லிங் சொல்கிறது. இரண்டில் ஒன்றைப் போலவும் அதற்குக் குதிக்கத் தெரியாது. பந்தை மெதுவாக வீசினாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தில் வாங்குகிறது. இவ்வளவு தூரம் கொண்டுவர எத்தனை பேர் ஒற்றுமையாக உழைத்திருக்க வேண்டும்!

முதல் மரியாதை கணக்கு டீச்சருக்கு. ‘போர்ஷன் முடியல’ என்று ஒரு வார்த்தை போதும், பி.டி. பீரியட் அவர் கைக்குப் போய்விடும். பெயர்தான் கடன், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையேறி, அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் அல்ஜீப்ரா நடத்தினார்கள்.

தாளாளர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மைதானம் வேண்டும் என்கிறது. மைதானம் இருக்கிறது, அதில் பள்ளி பஸ்கள் நிற்கின்றன. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் பஸ்கள் தெருவுக்குப் போகும், நாலு பிள்ளைகள் கைக்குப் புதுப் பந்து வரும்.

பி.டி. மாஸ்டர் என்ன செய்கிறார்? பிரேயரில் விசில் ஊதுகிறார், டை, பெல்ட் பார்க்கிறார், லேட்டாக வந்தவனை முட்டி போட வைக்கிறார். மிச்ச நேரத்தில், ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பதினோரு பேரைப் பிடித்து மண்டலப் போட்டிக்குத் தயார் செய்கிறார். ஓடத் தெரியாதவன் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பதினோரு பேரின் செருப்பைக் காக்கிறான். விளையாடத் தெரியாததால் சேர்ப்பதில்லை, சேர்க்காததால் தெரிவதில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. 2012-ல் உடற்கல்வி, ஓவியம் போன்ற பாடங்களுக்கு மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்திய அரசாங்கம், பிள்ளையின் உடம்புக்கு என்ன விலை வைத்திருக்கிறது என்பதை அன்றே பகிரங்கமாக அறிவித்துவிட்டது.

‘வளர்ந்தா தானா வந்துடும் சார்’ என்கிறார் தகப்பனார். வராது. ஓடுவது, நொண்டியடிப்பது, எறிவது, பிடிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பழக்கினால்தான் முறையாக வரும். வலக்கையால் எறிகிறவன் இடக்காலை முன்னே வைக்க வேண்டும் என்று யாராவது ஒருமுறை காட்ட வேண்டும். பயந்த பிள்ளைக்குக் கிரிக்கெட் பந்து வேண்டாம். பெரிய, மெத்தென்ற பந்தைப் பக்கத்தில் நின்று போட்டு, பந்தையே பார்க்கச் சொல்ல வேண்டும். தடுமாறுகிறவனுக்குத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போதும், அதன்மேல் நடக்கட்டும். இதற்கு இன்டோர் ஸ்டேடியமா கேட்டோம்? ஒரு காலத்தில் பாண்டியும் பச்சைக்குதிரையும் இதைத்தான் பைசா செலவில்லாமல் செய்தன. இப்போது ஃப்ளாட் அசோசியேஷன் ‘இங்கே விளையாடக் கூடாது’ என்று பளபளப்பான போர்டு வைத்திருக்கிறது. கார் மேல் கீறல் விழுந்துவிடுமாம்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரி 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை என்றும் அதன் ஆய்வே சொல்கிறது. நம் வீட்டில் அந்த 60 நிமிடம் டியூஷனுக்குப் போகும் வேனில் கழிகிறது. உடம்பு அசைகிறது என்னவோ உண்மை, ரோடு அப்படி.

இப்போது அதே பள்ளி புதுச் சுற்றறிக்கை அனுப்புகிறது: ‘மோட்டார் ஸ்கில்ஸ் ஆக்டிவிட்டி கிளாஸ், சனிக்கிழமை தோறும், தனிக் கட்டணம்.’ பீரியடைத் திருடியவனே அதைப் பாக்கெட் போட்டு விற்கிறான்; நாம் வரிசையில் நின்று வாங்குகிறோம். எல்.கே.ஜி. சீட்டுக்கு ஒற்றைக்காலில் நின்ற அதே வரிசைதான். பிள்ளையால் பத்து விநாடி அப்படி நிற்க முடியாது.

இதே தகப்பனார் பிளஸ் டூ முடிந்ததும் திரும்ப வருவார், குரலைத் தாழ்த்திக்கொண்டு: ‘ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு ஒண்ணு இருக்காமே சார், அதுக்கு சர்டிபிகேட் எங்க கிடைக்கும்?’